சாரம் கட்ட வரும் புதியவருக்குத் தரையில் கற்றுக்கொடுத்த பிறகு மேலே ஏற்றுங்கள்

கட்டுமான நிறுவன உரிமையாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்னைப் புறநகரில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளர்களில் நானும் ஒருவன். வணிகவியல் படித்துவிட்டு ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையையும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது என்று தெரிந்தபின், ஊர்க்கார அண்ணன் ஒருவர் மூலம் இந்த வேலைக்கு வந்தேன். இது எனக்குப் பிடித்த வேலை. இதிலேயே தேர்ந்து ஒரு நாள் மேஸ்திரியாக வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே இந்தத் தொழிலை வெறுத்து ஒதுங்கியவனின் புலம்பலாக இம்மடலைக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் எங்கள் தளத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத தம்பி ஒருவன், பூச்சு முடிந்த பக்கத்தில் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தான். கீழே மணல் கொட்டிக் கிடந்ததால் உயிர் பிழைத்தான், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்று மாலையே பதிவேட்டில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிட்டார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று யாருமே சொல்லித் தராத ஒருவனைக் கவனக்குறைவானவன் என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

தளத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல என்பதால் எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. உயரத்தில் நிற்பவரை விழாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பெல்ட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். புதிதாக வருபவருக்குத் தலைக்கவசமும் பெல்ட்டும் மாட்டி நுழைவாயிலில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். பிறகு பல தளங்களில் அந்தப் பெல்ட்டைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லும் தளங்களிலும், அதன் கொக்கியை எங்கே மாட்டுவது என்று சொல்பவர் இல்லை. முடிந்த சாரத்தில் நின்று பூசுகிற கொத்தனாருக்கு மாட்டுவதற்குத் தலைக்கு மேலே குழாய் இருக்கிறது. சாரம் கட்டுபவருக்கு அது இல்லை. அவர்தான் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறார், அவருக்கு மேலே வானம் மட்டும்தான். செங்குத்தாக நிற்கும் நிலைக்குழாயில் உள்ள கிண்ணம் போன்ற பிடிப்பில் குறுக்குக் குழாயின் முனையை உட்கார வைத்து, அதை மூடும் மேல்கிண்ணத்தை இறக்கிச் சுத்தியலால் தட்டி இறுக்கி, அசைத்துப் பார்த்து, அது ஆடவில்லை என்று உறுதி செய்த பிறகே அந்தக் குழாயை நம்பிக் கொக்கியை மாட்ட முடியும். அந்த உறுதி கிடைக்கும் வரை, ஏற்கெனவே இறுகிய இன்னொரு குழாயில் அவர் மாட்டியிருக்க வேண்டும். பிரிக்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். எந்தக் குழாயைக் கழற்றப் போகிறோமோ அதிலேயே கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்பதுதான் அனுபவம் இல்லாதவர் இயல்பாகச் செய்வது, ஏனென்றால் அதுதான் கைக்கு எட்டுகிறது. அந்தத் தம்பியும் அதைத்தான் செய்தான். பெல்ட் அவன் உடம்பில் இருந்தது, கொக்கியும் மாட்டித்தான் இருந்தது. கழன்ற குழாயோடு சேர்ந்து விழுந்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் சாரம் கட்டிவிட்டு ஊர் திரும்பிய அண்ணன் ஒருவர். "ரெண்டு கொக்கி இருக்குற பெல்ட்டக் கேளு, ஒண்ணக் கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியிருக்கணும், எந்த நேரமும் ஒண்ணு பிடிச்சிருக்கணும்" என்று அவர் தரையிலேயே ஒரு குழாயை நட்டு, என்னைத் திரும்பத் திரும்ப மாட்டிக் கழற்ற வைத்தார். ஒரு மதிய இடைவேளைக்குள் முடிந்த பாடம் அது. அந்த அண்ணன் எங்கள் தளத்தில் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன். ஒருவர் உயிரோடு இருப்பது, நல்ல மனம் படைத்த ஒரு மூத்த தொழிலாளி அன்று பக்கத்தில் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. ஆகவே கேட்கிறேன்: புதியவருக்குத் தரையில் கற்றுக்கொடுத்த பிறகு மேலே ஏற்றுங்கள்.

இது நம்மால் ஆகாத காரியம் அல்ல. சிங்கப்பூரில் 4 மீட்டருக்கு மேல் எழும் சாரத்தை அங்கீகாரம் பெற்ற சார ஒப்பந்தக்காரர்தான் கட்ட வேண்டும். கட்டுபவரும் அதற்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அங்கே அந்தப் பயிற்சியை முடித்து ஒழுங்காக வேலை பார்ப்பவர்களில் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டை இளைஞர்களும் உண்டு. நம் நாட்டிலும் எழுத்தில் குறை இல்லை. இந்தியத் தரநிலை 3696-இன் முதல் பகுதி 1987-இலேயே சாரத்துக்கான பாதுகாப்பு நெறிகளை வகுத்துவிட்டது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகள், பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில்தான் சாரத்தைக் கட்டவும் பிரிக்கவும் வேண்டும் என்றன. அந்தச் சட்டத்தையும் மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பலவற்றையும் 2020-இல் நாடாளுமன்றம் ஒரே தொகுப்பாக்கியது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, எங்கள் தளத்தில் அந்தப் 'பொறுப்பான ஒருவர்' யார் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. நிறுவனம் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறது, ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார், அவர் மேஸ்திரியைக் காட்டுகிறார், மேஸ்திரியோ விழுந்தவனையே காட்டுகிறார்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிவாரணம் அறிவித்தார்கள்; அது தேவைதான். ஆனால் அதற்குப் பிறகும் நான் பார்க்கும் தளங்களில், அசாமியமோ ஒடியாவோ மட்டும் தெரிந்த ஒருவரிடம், கீழே நின்று தமிழில் கத்தித்தான் "அந்தப் பக்கம் கழட்டு, இந்தப் பக்கம் கட்டு" என்று வேலை வாங்குகிறார்கள். காற்றில் பாதிச் சொல் தமிழ் தெரிந்த எனக்கே கேட்பதில்லை. ஆறு மீட்டர்க் குழாய் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தோளில் தாங்கியபடி மேலே நிற்பவருக்குச் சொல் புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விற்பனை விளம்பரத்துக்கும் மாதிரி வீட்டின் அலங்காரத்துக்கும் யோசிக்காமல் செலவழிக்கும் நிறுவனங்கள், ஒரு தொழிலாளியின் சில நாள் பயிற்சிக் கூலியை மட்டும் வீண் செலவாகப் பார்ப்பதைக் காணும்போது கோபம் வராமல் இல்லை.

கோபத்தைத் தள்ளிவைத்து, பணிவோடு கேட்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் சில நாட்கள், முழுக் கூலியோடு, தரையில் ஒற்றை அடுக்குச் சாரத்தைக் கட்டிப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். நிலைக்குழாய் நிற்கும் அடித்தட்டுக்கு அடியில் பலகை வைப்பது, குறுக்குக் கம்பி கொடுப்பது, சாரத்தைக் கட்டடத்தோடு இழுத்துக் கட்டுவது எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும். அவரவர் உடம்புக்குப் பொருந்தும் இரண்டு கொக்கிப் பெல்ட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அதை எங்கே மாட்டுவது என்பதை அவரவர் மொழியில் சொல்லுங்கள். தேர்ந்த தொழிலாளி ஒருவரோடு சேர்த்தே புதியவரை மேலே அனுப்புங்கள். அப்படிக் கற்றுத் தருபவருக்கு அதற்கென்று கொஞ்சம் கூடுதல் கூலி கொடுங்கள். சாரத்துக்குப் பொறுப்பானவரின் பெயரைத் தளத்தின் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்: புதியவருக்குத் தரையில் கற்றுக்கொடுத்த பிறகு மேலே ஏற்றுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது தம்பிகளையும் மச்சான்களையும் வேலைக்கு அழைத்து வருவது வழக்கம். இந்த ஏற்பாட்டை அவர்களிலிருந்தே தொடங்குமாறும், எங்கள் தளத்தில் அந்தத் தரைப் பயிற்சிக்கு இடமும் குழாய்களும் ஒதுக்கித் தந்தால் வேலை முடிந்த பிறகு மாலையில் ஒரு மணி நேரம் நின்று கற்றுக்கொடுக்க நானும் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அந்த அண்ணனும் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதைக் கருத்தில் கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாரம் கட்டும் தொழிலாளி ஒருவன்
சென்னைப் புறநகர்