கேரவன் கழிவறை நாற்றம்: வாசனைத் திரவம் வேண்டாம், ஏர் பைப்பைச் சரிசெய்து தாருங்கள்

அனுப்புநர்:
கேரவன் உரிமையாளரும் பராமரிப்புப் பணியாளர்களும்,
வளசரவாக்கம், சென்னை.

பெறுநர்:
சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்கள்,
கேரவன் பாடி கட்டும் நிறுவனம்.

பொருள்: சினிமா படப்பிடிப்புக்குப் போகும் இரண்டு அறை கேரவனில் தீராத கழிவறை நாற்றம் – குழாய் அமைப்பில் உள்ள தவறுகளைச் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனம் பாடி கட்டி ஏழு மாதங்களுக்கு முன் ஒப்படைத்த கேரவனில், வண்டி கைக்கு வந்த மூன்றாம் வாரத்திலிருந்து நாற்றம் இருக்கிறது. மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்று முறையும் சர்வீஸ் ஆள் வந்தார். முதல் முறை ஜெல் டப்பா மாட்டினார். அடுத்த முறை டாய்லெட் டேங்கில் நீல நிற வாசனைத் திரவம் ஊற்றினார். கடைசியாக வாஷ்பேசினுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் பாட்டில் ட்ராப்பை மாற்றினார். அவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை; கையில் கொடுத்து அனுப்பியதைத்தானே அவர் செய்ய முடியும். ஆனால் நாற்றம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தங்கள் பக்கத்திலிருந்து யாரும் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. நாங்கள் அளந்தோம். அந்த அளவுகளோடுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் டாய்லெட் டேங்கின் ஏர் பைப். டேங்கில் உண்டாகும் வாயு கூரை வழியாக வெளியேறுவதற்காக 40 மி.மீ. குழாய் போட்டிருக்கிறீர்கள். கூரையில் உள்ள மூடியைக் கழற்றி, நுனியை வளைத்த கம்பி ஒன்றைக் குழாய்க்குள் இறக்கினோம். குழாயின் கீழ் விளிம்பில் கொக்கி மாட்டியதும் கம்பியில் குறி வைத்து வெளியே எடுத்து அளந்தால் 2,450 மி.மீ. வருகிறது. கூரையிலிருந்து டேங்கின் மேல் தகடு வரை உள்ள உயரமோ 2,310 மி.மீ. தான். அதாவது குழாய் டேங்குக்குள் 140 மி.மீ. தொங்கிக்கொண்டிருக்கிறது. டேங்கின் ஆழம் 300 மி.மீ., கொள்ளளவு 200 லிட்டர். 160 மி.மீ. நிறைந்தவுடன், கிட்டத்தட்ட 107 லிட்டரில், குழாயின் வாய் கழிவுக்குள் மூழ்கிவிடுகிறது. அதன் பிறகு மேலே சேரும் வாயு கூரைக்குப் போக வழியே இல்லை.

டேங்கைக் காலி செய்த முதல் நாள் நாற்றம் இல்லாமல், இரண்டாம் நாள் மதியம் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். ஃப்ளஷ் பெடலை மிதித்ததும் கோப்பைக்குள் "புஸ்" என்று காற்று மேலே வருவதும் இதனால்தான். எத்தனை பாட்டில் வாசனைத் திரவம் ஊற்றினாலும் மூழ்கிய குழாய் திறக்காது. குழாயை மேலே இழுத்து, டேங்கின் மேல் தகட்டுக்குக் கீழே 10 முதல் 15 மி.மீ. மட்டும் நீட்டியிருக்கும்படி வைத்து, நுழையும் இடத்தில் குழாயைச் சுற்றி இறுக்கும் புது ரப்பர் வளையம் (குரோமெட்) போட வேண்டும். இப்போது அந்த இடத்தில் சிலிக்கான் பசை பூசியிருக்கிறீர்கள். வண்டி குலுங்கக் குலுங்கப் பசை விட்டுப்போய், குழாயைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளி திறப்பது நேராகக் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள். படுக்கும் இடத்தில் நாற்றம் என்று சொன்னபோது மெத்தையை மாற்றச் சொன்னீர்கள்.

இதோடு சேர்ந்தது எக்ஸாஸ்ட் ஃபேன். கழிவறைக் கதவு ரப்பர் பட்டையோடு இறுக்கமாக மூடுகிறது, ஜன்னலும் நிலையானது. 150 மி.மீ. ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கோப்பையின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஃபேனைப் போட்டு, கதவை மூடி, பெடலை மிதித்துப் பாருங்கள். பேப்பர் மேல்நோக்கிப் பறக்கும். கதவை இரண்டு விரல் அளவு திறந்தால் அப்படியே தொங்கும். நாற்றத்தை வெளியேற்ற வைத்த ஃபேன்தான் டேங்கிலிருந்து அதை உறிஞ்சி அறைக்குள் கொண்டுவருகிறது. கதவின் அடியில் குறைந்தது 180 சதுர செ.மீ. திறப்புள்ள ஜாலி வைத்தால் போதும். செலவு சில நூறு ரூபாய்தான்.

கோப்பையின் அடியில் திறந்து மூடும் ஃப்ளாப்பின் ரப்பரும் கெட்டுவிட்டது. இரவு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கோப்பை காய்ந்து கிடக்கிறது. டேங்குக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு அந்தத் தண்ணீர்தான். தங்கள் ஆள் இரண்டாம் முறை வந்தபோது ஃப்ளாப் இறுக்கமாக இருக்கிறது என்று சேஸிக்குப் போடும் கிரீஸைத் தடவிவிட்டுப் போனார். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதி, வளைந்துவிடும். அதற்குப் போட வேண்டியது சிலிக்கான் கிரீஸ். இப்போது இரண்டு கழிவறையிலும் சீலை மாற்றியே ஆக வேண்டும்.

குளியல் தரையில் இருப்பது வேறு சிக்கல். தரைக்கு அடியில் உயரம் போதவில்லை என்பதால் 22 மி.மீ. மட்டுமே தண்ணீர் நிற்கும் தட்டையான ட்ராப் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கே நாற்றத்தைத் தடுக்க 50 மி.மீ. தண்ணீர் (வாட்டர் சீல்) நிற்க வேண்டும். இது பிரேக் போட்டு, வேகத்தடை ஏறி இறங்கி ஓடும் வண்டி. 60 கி.மீ. ஓட்டிவிட்டு குச்சி விட்டுப் பார்த்ததில் 8 மி.மீ. தண்ணீர் மிஞ்சியிருந்தது. மீதி வழியிலேயே தளும்பிப் போய்விட்டது. ஏசி ஓடும் அறையில் அந்த 8 மி.மீ.யும் காய்ந்துவிடும். தரையை உயர்த்த இடமில்லை என்றால், தண்ணீர் தேவைப்படாத சிலிக்கான் சவ்வு ட்ராப் இருக்கிறது. தண்ணீர் வரும்போது சவ்வு திறக்கும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். குலுங்கினாலும் காய்ந்தாலும் பாதிப்பில்லை. படுக்கை வாட்டில் லேசான சாய்வோடு பொருத்தலாம். ஆனால் முடி சிக்கினால் சவ்வு முழுதாக மூடாது. ஆகவே மேலே முடி பிடிக்கும் சல்லடையும், கழற்றிக் கழுவ ஒரு திறப்பும் கட்டாயம் வேண்டும். தரையோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள்.

பேசின், குளியல் தண்ணீர் சேரும் கழிவுநீர் டேங்குக்கு ஏர் பைப்பே இல்லை. அதனால்தான் ஒரு அறையில் பேசின் தண்ணீரைத் திறந்துவிட்டால் அடுத்த அறை பேசின் "களக் களக்" என்கிறது. குழாய் நிறைய இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கிறது. காற்று கிடைக்காததால் பக்கத்து ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. மூன்றாம் முறை தாங்கள் மாற்றிய பாட்டில் ட்ராப்பில் பழுது எதுவுமே இருந்திருக்காது. புதிதாகப் போட்டதும் இன்று அதே போலக் காலியாகிறது. இந்த டேங்கிலிருந்தும் கூரைக்குத் தனியாக 40 மி.மீ. குழாய் போக வேண்டும். பேசினுக்கு அடியில் காற்று உள்ளே மட்டும் போகும் வால்வு ஒன்றும் வைக்கலாம். அது செங்குத்தாக, வேஸ்ட் பைப் படுத்து ஓடும் மட்டத்துக்கு மேல் குறைந்தது 100 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்த வால்வை மட்டும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது காற்றை உள்ளே விடும், டேங்கின் வாயுவை வெளியே விடாது.

அடுத்து எழுதுவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். டாய்லெட் டேங்கைக் காலி செய்யத் திறக்கும் 75 மி.மீ. கேட் வால்வை டேங்கின் அடித்தரையிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் பொருத்தியிருக்கிறீர்கள். எப்படிக் காலி செய்தாலும் அடியில் கிட்டத்தட்ட 27 லிட்டர் தங்கிவிடுகிறது. நீர் வடிந்து கெட்டி மட்டும் நின்று, அடுத்தடுத்த நாட்களில் மேடாகிறது. ஜெனரேட்டரின் சைலன்சர் குழாய் ஒரு சாண் தூரத்தில் ஓடுவதால் டேங்கும் நாள் முழுதும் சூடாகவே இருக்கிறது; சூட்டில் வாயு வேகமாகப் பெருகும். அலசுவதற்கு ஒரு வாய்கூட விடவில்லை. இதைப் போனில் சொன்னபோது, "ஹெல்ப்பரை விட்டு வால்வைக் கழற்றி வழிக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், எங்கள் பையன் ஒருவனின் கை அதற்குள் போவதற்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். ஒரு வால்வை 40 மி.மீ. இறக்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. வால்வு டேங்கின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். டேங்கின் தரை 50-க்கு 1 என்ற அளவில் அதை நோக்கிச் சரிய வேண்டும். வெளியிலிருந்து ஹோஸ் மாட்டி அலச, ரிட்டர்ன் வராத வால்வோடு ஒரு ஸ்ப்ரே வாய் வேண்டும். சைலன்சருக்கும் டேங்குக்கும் நடுவே சூடு தடுக்கும் தகடு ஒன்றும்.

கழிவறைக் கதவின் உள்பக்கம் தாங்கள் ஒட்டியிருந்த "சுத்தம் செய்யும் முறை" தாளை நாங்கள் கிழித்துவிட்டோம். அதில் முதலில் ப்ளீச்சிங் பவுடர் கரைசலும், பத்து நிமிடம் கழித்து பாத்ரூம் ஆசிடும் ஊற்றச் சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறுநீரில் இருந்து வரும் அமோனியாவோடு ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தாலும் மூச்சை அடைக்கும் வாயுதான். ஜன்னல் திறக்காத, நான்கடிக்கு மூன்றடி அறையில் இதைச் செய்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்? மற்ற வண்டிகளிலும் இதே தாள் ஒட்டியிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். டேங்குக்குத் தேவை தண்ணீர்தான். காலி செய்ததும் 15 லிட்டர் ஊற்றி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறையும் வரை வால்வை மூடியே வைத்து, பிறகு ஒரே மூச்சில் திறந்துவிட்டால் கெட்டியும் சேர்ந்து போய்விடும். நுண்ணுயிர்க் கலவை போடுவதானால் ப்ளீச்சிங் பவுடரும் ஃபினாயிலும் அந்தப் பக்கமே போகக்கூடாது. இரண்டும் அந்த நுண்ணுயிர்களையே கொன்றுவிடும்.

சுடுதண்ணீரில் வரும் அழுகிய முட்டை வாடைக்கும் டேங்குகளுக்கும் தொடர்பு இல்லை. 500 லிட்டர் நல்ல தண்ணீர் டேங்கில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 500 மி.லி. கலந்து, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்து அலசினோம். பச்சைத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது, சுடுதண்ணீர் வாடை சில நாளில் திரும்பியது. கீசர் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்த மெக்னீசியம் ராடும் இங்குள்ள போர் தண்ணீரும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அதை எடுத்துவிட்டு அலுமினியம்-துத்தநாக ராடு போட்டுத் தாருங்கள்.

இந்த வண்டியில் பகல் முழுதும் உட்கார்ந்திருப்பவர்கள் மேக்கப் போடும் பெண்களும், ஷாட்டுக்குக் காத்திருக்கும் கலைஞர்களும். வெளியே நல்ல கழிவறை இல்லாத இடங்களில் அவர்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். நாற்றத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். தலைவலி என்று இறங்கிப் போகிறார்கள். டேங்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். பழகிவிடும் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய நாற்றம் இல்லை இது.

ஆகவே மேலே எழுதிய வேலைகள் எல்லாவற்றையும் தங்கள் செலவில், இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் செய்து தரக் கோருகிறோம். டேங்க் வேலைக்கு வண்டி ஷெட்டில் நிற்க வேண்டும் என்பது தெரியும். எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், அதற்கேற்ப புக்கிங்கை நிறுத்திக்கொள்கிறோம். வண்டியைத் திருப்பித் தரும்போது இரண்டு டேங்கையும் விளிம்பு வரை நிரப்பி ஒரு மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும். டாய்லெட் டேங்க் முக்கால் நிறைந்த நிலையில், ஃபேன் ஓட, கதவு மூடி, டிஷ்யூ பேப்பர் சோதனையை எங்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். பேப்பர் மேலே பறந்தால் வண்டியை எடுக்க மாட்டோம்.

உரிமையாளரே ஓட்டி, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் வண்டி இது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. 15 நாட்களில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

இணைப்பு: ஏர் பைப் அளவெடுத்த படங்கள், ஊதிப்போன ஃப்ளாப் ரப்பரின் படம், மூன்று சர்வீஸ் ரசீதுகளின் நகல், கிழித்தெடுத்த தாள்.

இப்படிக்கு,
கேரவன் உரிமையாளரும் பராமரிப்புப் பணியாளர்களும்