சுற்றுப்படத்தைப் பெட்டிக்குள் ஒட்டிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவு பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய சாதனங்களை எங்கே ஒப்படைக்கலாம் என்று விரிவாகச் சொல்லியிருந்தார்கள். ஒப்படைப்பதற்கு முன்னால் பழுதுபார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் மகள் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் சாமான்களிலிருந்து அவளுக்காக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் வகை. விலை 6,500 ரூபாய். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே விடாமல் உறுமத் தொடங்கியது. பாட்டின் நடுவே சத்தம் தேய்ந்து காணாமல் போகும், பெட்டியைத் தட்டினால் திரும்பி வரும்.

பழுதுபார்க்கும் கடையில் பின்பலகையைக்கூடக் கழற்றாமல், "போர்டு போய்விட்டது, புது போர்டு வருவதில்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதி, உள்ளே எந்தப் பாகம் எதோடு இணைகிறது என்று காட்டும் சுற்றுப்படத்தைக் கேட்டேன். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களுக்கு மட்டுமே தர முடியும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்படி ஒரு மையம் எங்கள் மாவட்டத்திலும் இல்லை, பக்கத்து மாவட்டத்திலும் இல்லை. ஆகவே நானும் மகளும் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது என்னை நடுங்க வைத்தது. மூன்று முள் பிளக்கைக் கழற்றினால், பச்சை ஒயரை யாரோ ஒட்ட நறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். இரைச்சல் குறைகிறது என்று மேடைக் கலைஞர்கள் இப்படி எர்த்தை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. உள்ளே கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லை என்றால், வாசிப்பவரின் விரல்களில் காத்திருக்கும். அவர் உதடு மைக்கில் பட்டால் உடல் வழியாகப் பாயும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் அங்கேயே மின்சாரம் தாக்கி இறந்தார். என் மகள் மூன்று நாள் இந்தப் பெட்டியோடு மைக் முன்னால் நின்றிருக்கிறாள். இரைச்சலுக்கு மருந்து எர்த்தை வெட்டுவது அல்ல. மேடை ஏறும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அந்த பிளக்கைத் திறந்து பாருங்கள்.

புது பிளக்கும் ஒயரும் மாற்றிய பிறகும் உறுமல் நிற்கவில்லை. கிட்டாரைக் கழற்றி, எல்லாத் திருகுகளையும் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே சத்தம். அப்படியானால் அது கிட்டாரிலிருந்து வரவில்லை, மின்வழங்கிப் பகுதியிலிருந்து வருகிறது. இங்கே மகள்தான் எனக்கு ஆசிரியை ஆனாள். தன் பழைய மரக் கிட்டாரை எடுத்து ஆறாவது கம்பியின் மூன்றாம் கட்டை மீட்டினாள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமலும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக ஒலித்தன. ஒன்று சேரும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கியது. வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு இசைக்கவைகளைத் தட்டி நான் காட்டும் அதே விம்மல்கள்! ஆக, உறுமலின் அதிர்வெண் 100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் முழு அலைத் திருத்தியைத் தாண்டினால் 100 ஆகும். அதைச் சமன்படுத்த வேண்டிய வடிகட்டி மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) சோர்ந்துவிட்டன என்று பெட்டியைத் தொடாமலே தெரிந்துவிட்டது. பார்த்தால், 4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டில் ஒன்றின் தலை உப்பியிருந்தது. இரண்டையும் மாற்றினோம். செலவு 140 ரூபாய்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள்; 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் குறுக்கே பிடித்து வடியவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். வேலை முடிந்து முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் (மின்பாதையில் தொடராக இணைத்த பல்ப்) வழியாகக் கொடுங்கள். எங்கள் 100 வாட் குண்டு பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷார்ட் இருந்தால் எரிந்துகொண்டே இருந்திருக்கும். வால்வு வகையாக இருந்தால் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். அதை அனுபவசாலியிடமே விடுங்கள்.

சத்தம் போய்ப் போய் வரும் நோய்தான் எங்களை ஒரு மாதம் அலைக்கழித்தது. பெட்டியின் பின்புறம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் உண்டு. எஃபெக்ட் பெடல்களைச் சேர்ப்பதற்கானவை. நாங்கள் ஒரு நாளும் தொட்டதில்லை. ஒரு மாலை மகள் கிட்டார் கேபிளை ரிட்டர்னில் நேராகச் செருகினாள். சத்தம் ஒரு முறைகூட விட்டுப்போகவில்லை. அப்படியானால் ஸ்பீக்கரை இயக்கும் பின்பாதி நலம். அடுத்து ஒரு குட்டைக் கேபிளால் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்துவிட்டு, வழக்கம்போல முன்னால் செருகி வாசித்தாள். அப்போதும் விட்டுப்போகவில்லை. கிட்டாரின் ஒலியை முதலில் வாங்கும் முன்பாதியும் நலம்! இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கெட்டது.

ரிட்டர்ன் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நகக்கண் அகலத்தில் ஒரு உலோக நாக்கு. கேபிள் செருகாதபோது அது இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்பாதியின் ஒலி அந்த ஒற்றைத் தொடுகை வழியாகத்தான் பின்பாதிக்குப் போகிறது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்த நுனி கறுத்துப் பாசிபோலப் படர்ந்திருந்தது. திருமண அழைப்பிதழிலிருந்து ஒரு கீற்று வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கும் இடையில் விட்டு மெல்ல இழுத்தேன். கீற்று கன்னங்கரேலென்று வந்தது. ஐந்தாவது கீற்று வெள்ளையாகவே வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை சத்தம் அறுபடவில்லை. "போர்டு போய்விட்டது" என்று சொன்னார்களே, அது இதுதான்.

சுற்றுப்படம் கையில் இருந்திருந்தால், முன்பாதியும் பின்பாதியும் அந்தத் துளையில்தான் சந்திக்கின்றன என்று முதல் நாளே விரல் வைத்துக் காட்டியிருப்பேன். என் தந்தையின் வால்வு ரேடியோவின் முதுகுப்பலகையில் எந்த வால்வு எங்கே என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களிலும் அப்படி ஒரு தாளைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டினார்கள். அதன் நிறுவனர் லியோ ஃபெண்டர் 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்துத் தொடங்கியவர். பெட்டியைத் திறக்கப் போகிறவனுக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாதுகாப்புக் கருதியே படத்தைத் தருவதில்லை என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். எனக்கு அது நேர்த் தலைகீழாகப் படுகிறது. படம் இல்லாதவனும் பெட்டியைத் திறக்கத்தான் போகிறான். எந்த இடத்தில் உயர் மின்னழுத்தம் நிற்கிறது என்று தெரியாமல் திறப்பான். போட்டி நிறுவனம் நகலெடுத்துவிடும் என்கிறார்கள். நகலெடுக்க வருகிறவன் ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துத் தடம் தடமாக வரைந்துகொள்வான். படம் கிடைக்காமல் தவிப்பது எங்களைப் போன்றவர்கள் மட்டுமே. நாங்கள் போர்டின் ஒரு பாதியை வரைந்து முடிக்கவே ஆறு மாலைகள் ஆயின. அந்தத் தாளைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறோம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று துறை பிரித்திருக்கிறார்கள். இசைக்கருவிச் சாதனங்களையும் அதில் சேர்க்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த எந்தச் சாதனத்தின் சுற்றுப்படமும் அங்கே கிடைக்க வேண்டும். தமிழக அரசு தன் அளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: பள்ளிகளுக்கு வாங்கும் ஒலிபெருக்கி, புரொஜெக்டர் போன்றவற்றின் ஒப்பந்தப்புள்ளியில் "சுற்றுப்படத்துடன் வழங்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது. எங்கள் பள்ளிக் கிடங்கில் மட்டும் இப்போது நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன.

இப்படிக்கு,
முதுகலை இயற்பியல் ஆசிரியை,
தூத்துக்குடி