அழுத பிள்ளையும் அலுத்த அப்பாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பையன் வீரிட்டு அழுதது கேட்டது, "ஒரு நிமிஷம்ப்பா" என்று நீ போய் டேப்லெட்டை எடுத்துக் கொடுத்ததும் சட்டென்று சத்தம் அடங்கியதும் கேட்டது. திரும்பி வந்து "சரியான பிடிவாதக்காரன்ப்பா" என்றாய். குரலே ஓய்ந்துபோயிருந்தது, அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பிடிவாதம் என்று பேர் வைத்துவிட்டால் காரணமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. ஏன் அழுகிறான்? பிடிவாதக்காரன். அது எப்படித் தெரியும்? அழுகிறானே! நடத்தைப் பகுப்பாய்வு படித்தவர்கள் இந்தச் செக்கைச் சுற்ற மாட்டார்கள். அவன் அழுத கையோடு என்ன நடந்தது, அதற்கப்புறம் அழுகை கூடியதா குறைந்ததா என்று பார்ப்பார்கள். கூடியிருந்தால், நடந்தது வலுவூட்டல். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், ஆனால் பால் கொடுத்தவள் என்ன கற்றுக்கொண்டாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு டேப்லெட் கிடைத்தது, உனக்குக் காதைப் பிளக்கும் சத்தம் நின்றது. தொல்லை விலகுவதால் ஒரு செயல் வலுப்பட்டால் அதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள் (பலர் இதைத் தண்டனை என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் நேர்எதிர்). ஆக, நீ அவனைப் பழக்குகிற அதே நேரத்தில் அவனும் உன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறான்.

"எப்பவுமா கொடுக்கிறேன், பத்துக்கு ஒரு தடவைதானே" என்பாய். அங்கேதான் சிக்கல். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், நெம்புகோலை அழுத்தினால் எலிக்குத் தீனி விழும் என்று வைத்துச் சோதனை செய்த காலத்தில் தீனி உருண்டைகளைத் தானே உருட்டித் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தால் கையிருப்பு திங்கட்கிழமை காலைக்கு மேல் தாங்காது. சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒன்று போதுமே என்று குறைத்தார். எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இப்படி எப்போதாவது கிடைத்துப் பழகியது, பிறகு அடியோடு நிறுத்தினாலும் லேசில் விடாது என்று தெரியவந்தது. ஒவ்வொரு தடவையும் கிடைத்த பழக்கம்தான் சீக்கிரம் ஓயும். ஒன்பது தடவை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பத்தாவதில் கொடுத்தாயே, அன்று அவன் கற்றது பத்து தடவை அழ. நிறுத்துவது என்று முடிவெடுத்தால், முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகவே கத்தலாம், அதைத் தாண்ட முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள். அழாமல் வந்து கேட்கிற அந்த ஒரு நொடியைத் தவறவிடாதே, முடிந்தால் அப்போதே கொடு. என் கணக்கில் இது அழுகையைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைவிட முக்கியம்.

இதெல்லாம் உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உன் அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறாள். நியாயம்தான். ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு நீயாக வந்து சொன்னாய், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நான் கத்தினேன். நீ உடனே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாய், எனக்கு அது போதாதா, அடுத்த முறையும் கத்த? மதிப்பெண்ணுக்காகத் திட்டுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் பரீட்சை எழுதி எத்தனையோ நாளாகியிருந்தது, என் கத்தலுக்கு ஒட்டி முன்னால் நடந்தது நீ உண்மையைச் சொன்னதுதான். அடுத்த விடைத்தாள் எட்டாக மடித்து, இழுப்பறையில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் அம்மா கையில் கிடைத்தது.

தம்பியை நான் அப்படித் திட்டியதே இல்லை, இருந்தும் அவனும் என்னிடம் எதையும் சொல்ல மாட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று உனக்கே தெரியும். 1981இல் சயன்ஸ் இதழில் ஸ்கின்னர் எழுதினார், எது நிலைக்கும் என்பதை விளைவுகள் மூன்று தளத்தில் தேர்வு செய்கின்றன என்று: உயிரினத்தில் இயற்கைத் தேர்வாக, தனி ஒருவரின் வாழ்நாளில் கற்றலாக, ஒரு குழுவில் பண்பாடாக. நம் வீடும் நாலு பேர் கொண்ட குழுதானே. "அப்பாகிட்ட சொல்லாதே" என்பது இங்கே பண்பாடாகவே ஆகிவிட்டது, ஏனென்றால் அது எல்லாருக்கும் அமைதியான ஒரு மாலையை வாங்கித் தந்தது, எனக்கும் சேர்த்து.

போன மாதம் தம்பிக்கு வேலை போனது, எனக்குச் சொல்ல இருபது நாள் ஆகியிருக்கிறது. போனில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தான், கத்தலுக்காகக் காத்திருந்தான் போல. வாய் வரை வந்துவிட்டது பாப்பா. "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்றும் இருக்கிறது என்றான்.

அன்புடன்,
அப்பா