பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளியிலிருந்து ஒரு மடல்

வடசென்னை மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டைப் பகுதியில், பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். மேல்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பைத் தாண்டுவது மாடிப்படி ஏறுவதைப் போன்றது; அதே வாசல், அதே மணியோசை, பழகிய முகங்கள். எங்கள் பிள்ளைகளோ மாற்றுச் சான்றிதழையும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழையும் கையில் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பள்ளியின் வாயிலில் போய் நிற்க வேண்டும். தங்கள் பள்ளிகளின் அந்த வாயிலைப் பற்றியே இம்மடல்.

தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, தகப்பன்மார் வலையைச் சீர்செய்துகொண்டும் கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டும் இருக்கும் அதே நாள்களில்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அலைச்சலும் வந்து சேர்கிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் "நாளைக்கு வாங்க" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒவ்வொரு சொல்லும் அந்த வீட்டில் ஒரு நாள் கூலி. மதிப்பெண் குறுஞ்செய்தியாக வருகிறது என்கிறோம். பதிவேட்டில் உள்ள எண் எந்தக் காலத்திலோ மாற்றப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டு அண்ணனின் கைபேசியில், நாலு பேர் எட்டிப் பார்க்க, தன் மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்ட பிள்ளைகளே என் வகுப்பில் அதிகம்.

அப்படித் தெரிந்துகொண்டு வரும் பிள்ளையிடம் சேர்க்கை மேசையில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "டோட்டல் எவ்ளோ?" ஐந்து பாடங்களையும் கூட்டி ஐந்நூற்றுக்கு வரும் அந்த எண்ணை வைத்து, ஐந்து நிமிடத்தில், அந்தப் பிள்ளைக்கு எந்தக் குரூப் என்பது முடிவாகிவிடுகிறது. முதலிடம், இரண்டாமிடம் என்று மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017ஆம் ஆண்டே கைவிட்டது. நம் மேசைகளிலிருந்து அது இன்னும் போகவில்லை. டியூஷன் சென்டர்களின் ஃபிளெக்ஸ் பலகைகளிலிருந்தும் போகவில்லை, அது வேறு கதை.

என் மாணவன் ஒருவன் 274 மதிப்பெண் பெற்றான். கணக்கில் 41. கொருக்குப்பேட்டையில் அவன் மாமா வைத்திருந்த செல்போன் கடையில், பழுதான கைபேசியைப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டத் தெரிந்தவன். கணினி அறிவியல் உள்ள பிரிவைக் கேட்டுப் போனான், இல்லை என்றார்கள். வணிகவியலாவது தாருங்கள் என்றான். இடம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் அதே பள்ளியில் அதே பிரிவில் எங்கள் மாணவி ஒருத்திக்கு இடம் கிடைத்தது; அவள் மதிப்பெண் 390. நான் நேரில் சென்று கேட்டபோது, அங்கிருந்த ஆசிரியர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "மேடம், ப்ளஸ் டூவுல எங்களுக்கு நூத்துக்கு நூறு காட்டணும். இவன் இழுத்துருவான்." அவரை நான் குறை சொல்லவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். நானும் பத்தாம் வகுப்பு முடிவுக்காக அப்படி எழுந்து நின்றிருக்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்குக் கிடைத்த பதில் "இடமில்லை" என்பது. உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான், அல்லது படித்துக் காட்டுகிறேன் என்றிருப்பான். இடமில்லை என்ற பொய்யோடு அவனால் என்ன செய்ய முடியும்? மூன்று பள்ளிகளுக்கு நடந்த பிறகு, அவன் நடப்பதை நிறுத்திக்கொண்டான்.

அதிக மதிப்பெண் பெற்றவர்களும் தப்புவதில்லை. 461 வாங்கிய ஒரு பெண் கணக்குப்பதிவியல் படிக்க விரும்பினாள். "இவ்ளோ மார்க் வாங்கிட்டு காமர்ஸா?" என்று மேசையில் ஒருவர் வியந்தது போதும், அவள் அம்மா அங்கேயே முதல் குரூப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். 35க்கு இரண்டு மதிப்பெண் குறைந்தவனும் இருபது குறைந்தவனும் தெருவில் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். துணைத்தேர்வு இருக்கிறது, அதே ஆண்டில் மேலே படிக்கலாம் என்கிறோம். ஆனால் அந்தத் தேர்வை எழுதி முடிவு வருவதற்குள் தங்கள் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருக்கும். தேறிவிட்டேன் என்று ஓடி வரும் பிள்ளையிடம் "அட்மிஷன் முடிஞ்சிருச்சு" என்று சொன்னால், அவன் ஏன் எழுதினான்? ஒவ்வொரு பிரிவிலும் சில இடங்களைத் துணைத்தேர்வு முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று வேண்டுகிறேன். சேர்க்கை மறுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள் என்றும் வேண்டுகிறேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கமே போதும்.

2025-26ஆம் கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவும் பழக்கம் திரும்பிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. எனினும், பின்தங்கிய ஒரு பிள்ளையை எடுத்துத் தேற்ற இப்போது தங்களுக்கு முழுதாக ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. 274 வாங்கியவனைச் சேர்த்துக்கொள்ள மறுக்க முன்பு சொன்ன காரணம் பாதி வலுவிழந்துவிட்டது.

மேசையில் சொல்லப்படாமல் போகும் செய்திகளும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல் போன்ற தொழிற்கல்விகளுக்கும் விரிந்தது. கடன் வாங்கிப் பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோரில் பலருக்கு, அந்த மாற்றுச் சான்றிதழோடு இந்த உரிமையும் போய்விடுகிறது என்பது தெரியாது. ஐடிஐ, பாலிடெக்னிக் என்றாலே தண்டனை என்று நினைக்கும் வீடுகளில், மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனம் உடைந்த பிள்ளைகளுக்கு 14417, 104 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. ஆனால் கைபேசி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சேர்க்கை நாள்களில் மேசைக்கு முன்பாக, வராந்தாவில், இரண்டு நாற்காலிகள் போட அனுமதியுங்கள். ஒன்றில் பிள்ளை உட்காரட்டும். மற்றொன்றில் என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து, மதிப்பெண் சான்றிதழைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசுவார். உனக்கு என்ன பிடிக்கும், வீட்டில் எவ்வளவு தூரம் அனுப்புவார்கள், மாலையில் எங்காவது வேலைக்குப் போகிறாயா என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு அனுப்புவார். முடிவு தங்களுடையதே. இப்பகுதியில் எனக்குத் தெரிந்து இதற்குத் தயாராக இருப்பவர்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர். மதிப்பூதியம் வேண்டாம், காலையில் ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.