அடைக்கோழி என்று நினைத்துவிட்டேன்

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். கோழிக்கு உடம்பு சரியில்லை. ஆமாம், அதே செவலைதான், பொங்கலுக்கு நீ வந்தபோது உன் மடியில் ஏறி உட்கார்ந்து பட்டுப்புடவையில் எச்சம் போட்டதே, அதுதான்.

கத்திரி உச்சத்தில் இருந்த நேரம். ஒரு நாள் காலையில் மற்ற நாலும் கூண்டைத் திறந்ததும் விழுந்தடித்து ஓடி வர, இது மட்டும் முட்டை போடும் அட்டைப் பெட்டிக்குள் இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தை வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "அடைக்கு உட்கார்ந்துடுச்சு. பச்சத் தண்ணியில ரெண்டு முக்கு முக்கு, தெளிஞ்சிடும்." எனக்கு முக்க மனசு வரவில்லை. ஆனால் அடைதான் என்று நம்பிவிட்டேன். சேவலே இல்லாத வீட்டில் எதைப் பொரிக்கப் போகிறாய் என்று அதைக் கேலி வேறு செய்தேன். (சேவல் கதை உனக்குத் தெரியாதே. விடியற்காலை மூன்றரைக்குக் கூவுகிறது என்று பக்கத்து வீட்டம்மா மூன்று தடவை வந்து சொன்ன பிறகு இவர் அதைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அதற்கப்புறமும் கோழிகள் முட்டை போடுவதைப் பார்த்து அதே அம்மா, "சேவல் இல்லாம எப்படிங்க?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். முட்டை போடச் சேவல் வேண்டாம், குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

இரண்டு நாள் அப்படியே விட்டேன் மல்லி. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அடைக்கோழியை நாம் சின்ன வயதில் எத்தனை பார்த்திருக்கிறோம்? கிட்டே கையைக் கொண்டுபோனால் உறுமும், கொத்த வரும், நாளைக்கு ஒரு தடவையாவது எழுந்து வந்து அவசர அவசரமாகத் தீனி பொறுக்கிவிட்டு, மூக்கைப் பிடிக்க வைக்கிற மாதிரி ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். இது எதுவுமே செய்யவில்லை. கையை அடிவயிற்றுக்குக் கீழே விட்டுத் தூக்கினால் பேசாமல் வந்தது. மூன்றாம் நாள் முற்றத்தில் இறக்கி விட்டபோது வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கால்களை அகட்டி, நிறைமாதக்காரி மாதிரி நின்றது. கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வால் மட்டும் விட்டுவிட்டு முக்கி முக்கி அசைந்தது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் வெள்ளைக் கழிச்சலோ என்று பயந்தேன். அதுவானால் ஒன்றோடு போகாது, கூண்டையே துடைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் எச்சத்தில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல் இல்லை, எச்சமே இல்லை. கழுத்து முறுக்கவில்லை. மற்ற நாலும் நன்றாகத்தான் மேய்ந்தன. இருந்தாலும் இதைப் பிரித்துப் பின்கட்டில் சாக்கு விரித்து வைத்தேன். இங்கே பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக் இருக்கிறது, போன் போட்டால் "நாய், பூனை மட்டும்தான் மேடம் பாக்குறோம்" என்றார்கள். என் மைத்துனரோ வழக்கம்போல, "மிளகு தூக்கலாப் போட்டுக் குழம்பு வச்சிடுங்க அண்ணி" என்றார். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

கட்டைப்பைக்குள் துண்டு விரித்து, அதில் செவலையை உட்கார வைத்து, பம்மலிலிருந்து வேப்பேரிக்கு ஆட்டோ. 1903-லிருந்து நடக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி, நாம் படிக்கிற காலத்தில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறோம், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு லாப்ரடார், பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி. செவலை பைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண், நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்து, "உள்ள முட்டை சிக்கியிருக்கும்மா" என்றாள். கால்சியம் ஊசி போட்டாள். அப்புறம் அவள் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீரில் உட்கார வைக்க வேண்டுமாம்! பச்சைத் தண்ணீர் இல்லை, கை பொறுக்கும் வெதுவெதுப்பில். வயிறு முழுகும் அளவுக்கு இருபது நிமிடம். பிறகு ஈரம் துடைத்து, பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விட்டுவிட வேண்டும். ஒன்றை மட்டும் இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள்: முட்டையைப் பிதுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளேயே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம்.

வீட்டுக்கு வந்து துணி ஊறவைக்கிற டப்பில் உட்கார வைத்தேன். திமிறும் என்று நினைத்தேன். ஐந்தே நிமிடத்தில் கண்ணை மூடி என் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஆற ஆற வெந்நீர் விட்டுக்கொண்டே இருந்தார். "நான் தண்ணிதானே சொன்னேன்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் சாக்கின் மேல் ஒரு தோல் முட்டை, ஓடே இல்லாமல் பலூனில் தண்ணீர் நிரப்பிய மாதிரி. அதைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஏன் வந்தது என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். தப்பு என் பேரில்தான். பழைய சோறு, குறுணை, கீரைத்தண்டு என்று செல்லமாகப் போட்டேனே தவிர, சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஒரு முட்டை ஓட்டுக்கே இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம் போகிறதாம். தீனியில் இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் ஓடும் கெட்டியாகாது, முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் வலு இருக்காது. இதில் வெயில் வேறு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தின் தன்மை மாறி ஓடு இன்னும் மெலிந்துவிடும். சூட்டில் தீனியும் சரியாக எடுக்காது.

இப்போது தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன், வேண்டியது வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். சாயங்காலம் அவசியம் வைப்பேன், ஏனென்றால் ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. கூண்டு மேல் ஈரச் சாக்கும் போட்டாயிற்று.

நாலு நாள் கழித்துக் கூட்டத்தோடு விட்டால் அந்தக் கருப்பி வந்து செவலையைத் தலையில் கொத்து கொத்தென்று கொத்துகிறாள், இத்தனை நாள் கூடப் படுத்தவள்! திரும்பப் பிரித்து, இருட்டிய பிறகு எல்லாம் அடைந்ததும் நைசாக நடுவில் கொண்டு வைத்தேன். காலையில் ஒன்றும் நடக்காதது போல எல்லாம் சேர்ந்து இறங்கின.

ஆட்டோவுக்கு மட்டும் போக வர 900 ரூபாய் ஆயிற்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செவலையை வாங்கியது 450-க்கு. இவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் செவலைக்கென்று இரண்டு கொத்து முருங்கைக்கீரை பறித்து வந்தார்.

செவலை இன்னும் முட்டை போட ஆரம்பிக்கவில்லை. போடாவிட்டாலும் போகட்டும், உடம்பு தேறட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? நீயும் நாலு கோழி வளர்க்கப் போவதாக எழுதியிருந்தாயே, உங்கள் ஊர்ப் பக்கம் பிப்ரவரி வாக்கில் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவார்கள், விட்டுவிடாதே. ஆடி மாதம் வரும்போது கோழியைக் கவிழ்த்து வைக்க ஒரு நல்ல பஞ்சாரக் கூடை வாங்கி வா, இங்கே தேடித் தேடி அலுத்துவிட்டேன். இந்தத் தடவை பழைய புடவையாகக் கட்டிக்கொண்டு வா.

உன்,
ராஜி