எட்னாவும் ஈரத்தோலும்

பாப்பா,

வேலூர் வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் என் ஷூவைத் தட்டினால் கருப்பு மணல் கொட்டுகிறது, அம்மா திட்டுகிறாள். எட்னா எரிமலையின் சாம்பல் என்று பேர்தான், விரலில் தேய்த்தால் பொடித்த கண்ணாடி மாதிரி நறநறக்கிறது. அது கொட்டுகிற நாளில், இத்தாலியில் அந்த மலையடிவாரத்தில் இருக்கிற கட்டானியா நகரத்தில் பைக் ஓட்டத் தடை போடுவார்கள் என்று நீ சொன்னது இப்போதுதான் புரிகிறது.

கேபிள் காரில் 2,500 மீட்டர் வரை போனதை இங்கே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. திருவண்ணாமலை தீப மலையைப் போல் மூன்று பங்கு என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. 1892இல் வெடித்த சில்வெஸ்திரி பள்ளம், சரி, பார்த்தோம், வற்றிய ஏரி மாதிரி சும்மா கிடந்தது. என் மனசில் நிற்பது ஊருக்குள் இருக்கிற அந்த உர்சினோ கோட்டைதான். கடலோரத்தில் கட்டிய கோட்டை. 1669இல் நிக்கொலோசி பக்கம் மலை பிளந்து, மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஓடிய நெருப்புக் குழம்பு அகழியை நிரப்பி, கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலையே தள்ளிவிட்டது. இப்போது அங்கே நின்றால் அலைச் சத்தம்கூட இல்லை. நம் கோட்டையில் வாக்கிங் வருகிறவர்களிடம் அந்த ஃபோட்டோவைக் காட்டினேன், "அகழி எங்கேப்பா, தண்ணியே காணோம்?" என்கிறார்கள்.

அப்புறம் நீ சொன்ன அந்தத் தோல் கதை. அதே 1669இல் கட்டானியாக்காரர்கள் சுமார் 50 பேர் நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கடப்பாரையோடு போய்க் குழம்பின் கரையை உடைத்து வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்களாமே. முப்பது வருஷம் ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் இருந்தவன் சொல்கிறேன், ஈரத்தோலின் கனம் என்ன, வாடை என்ன! அதைச் சுமந்துகொண்டு அந்த அனலுக்குப் பக்கத்தில் நிற்பதா? ஆனால் நல்ல யோசனைதான், ஈரம் காய்கிற வரைக்கும் சூடு சட்டென்று உள்ளே இறங்காது. குழம்பு திரும்பியதும் பத்தெர்னோ ஊர்க்காரர்கள் ஆயுதத்தோடு வந்து இவர்களை விரட்டிவிட்டார்கள், தங்கள் ஊர்ப்பக்கம் வருகிறதே என்று. பாலாற்றில் தண்ணீர் விடு என்று நாம் சண்டை போடுகிறோம், அவர்கள் விடாதே என்று.

இன்னொன்று. 2025 ஜூன் 2 அன்று புகை மண்டி மலைச்சரிவில் ஆட்கள் ஓடிவந்த வீடியோவை அம்மா நேற்றுத்தான் பார்த்தாள், அதிலிருந்து ஒரே புலம்பல். நீ வழிகாட்டியோடு உச்சிக்குப் போன கதையை நான் அவளிடம் சொல்லவில்லை, நீயும் வாயை விடாதே. அடுத்த தடவை போவதென்றால் முதலில் எனக்கு ஃபோன் செய், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா