ஊழியர் சலுகையை நிறுத்திய கைபேசி நிறுவனத்துக்கு, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வட்டத் தலைமை அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்கும் தெரியும், எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எங்கள் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி பேச முடிவது உங்கள் சிம்மில் மட்டும்தான்.

எங்கள் தொழிற்சாலை ஆட்களுக்கு மாத பில்லில் நீங்கள் குறைத்துத் தந்த ஊழியர் சலுகை நிறுத்தப்படுகிறது, தொடர விரும்புவோர் லிங்கைத் தொட்டுத் தகுதியைச் சரிபார்க்கவும் என்று போன மாதம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செய்தி ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பலரும் அதை ஏதோ லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார்கள். அழித்ததில் தப்பும் இல்லை, தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை நீங்களே மெசேஜ் போடுகிறீர்கள். அப்புறம் பில் வந்தது. வந்த அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். கணக்கு எழுதுவது நான், அதனால் இந்தக் கடிதமும் என் தலையில் விழுந்தது.

கணக்கையே முதலில் சொல்லிவிடுகிறேன். 399 ரூபாய்த் திட்டம். 30 சதவீத ஊழியர் சலுகை போக 279 ரூபாய் 30 காசு, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 329 ரூபாய் 57 காசு கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது வந்திருப்பது 470 ரூபாய் 82 காசு. ஒரு எண்ணுக்கு மாதம் 141 ரூபாய் கூடுதல். “141 ரூபாய்தானே மேடம்” என்றார் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி. அவர் மேல் கோபம் இல்லை, அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கு அவர் பேசுகிறார். ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கு வீட்டை ஒட்டிக் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை உண்டு, பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 141 ரூபாய்க்கு ஏழு கிலோ இலை பறித்துப் போட வேண்டும். அதுவும் ஒரு எண்ணுக்கு. வீட்டில் அவர், வீட்டம்மா, கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளை என்று மூன்று எண் இருந்தால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்ன விலை வேண்டுமானாலும் வையுங்கள். ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் பழைய கட்டணத்தையே தொடருங்கள்.

ஏதோ தானம் கேட்கிற மாதிரி இதைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சலுகை ஒரு வியாபாரம். உங்கள் ஆட்கள்தான் அன்றைக்கு மலையேறி வந்தார்கள், தொழிற்சாலை வாசலில் குடை போட்டு உட்கார்ந்தார்கள், ஒட்டுமொத்தமாக எல்லாரும் வந்தால் 30 சதவீதம் குறைப்போம் என்றார்கள். நாங்களும் ஒட்டுமொத்தமாக வந்தோம். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரிலிருந்து இலை வண்டி டிரைவர் வரை கையில் இருந்த சிம்மை மாற்றிக்கொண்டு வந்தோம். உங்களுக்கு ஒரே நாளில் இத்தனை போஸ்ட்பெய்டு இணைப்பு, விளம்பரச் செலவு இல்லை, பணம் வராமல் போகுமோ என்ற பயமும் இல்லை. சலுகை அதற்கான விலை. இப்போது வாடிக்கையாளர் உங்களிடம் இருக்கிறார், விலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள்.

சரி, தகுதியைச் சரிபார்த்தால் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறீர்களே, அந்த வழிக்கு வருகிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் டிரையரைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. சூடு எவ்வளவு, இலை எந்தப் பதத்தில் வெளியே வர வேண்டும் என்பதை மீட்டரைப் பார்க்காமல் வாசனையிலேயே சொல்லிவிடுவார். அவர் போனை என்னிடம் நீட்டி, “நீயே பாரும்மா” என்றார். லிங்கைத் திறந்தேன். அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடு என்றது. அவருக்கு மின்னஞ்சலே கிடையாது. சரி என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். தனிப்பட்ட மின்னஞ்சல் ஏற்கப்படாது, நிறுவனத்தின் மின்னஞ்சல்தான் வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஐயா, எங்கள் தொழிற்சாலையின் மின்னஞ்சலே ஜிமெயில்தான்! குன்னூர் ஏலத்துக்குப் போகிற தூளின் கணக்கு, புரோக்கருக்குப் போகிற கடிதம், தேயிலை வாரியத்துக்கு அனுப்பும் அறிக்கை எல்லாம் அதிலிருந்துதான் போகிறது, இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அடுத்து சம்பளச் சீட்டைப் பி.டி.எஃப். ஆக ஏற்றலாம் என்றது. எங்கள் சம்பளச் சீட்டு பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதைப் படம் பிடித்து ஏற்றினால் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இல்லை என்று திரும்பி வருகிறது. மறுபடி ஏற்றப் பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கு என்கிறது. கடைசியில் அவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் குன்னூரில் உள்ள உங்கள் கடைக்குப் போனார். அன்றைக்குக் கூலி கிடையாது, பஸ் செலவு தனி. “சிஸ்டத்துல ஆப்ஷனே வரலைங்க ஐயா, ஆன்லைன்ல ட்ரை பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த எண் உங்கள் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது? தொழிற்சாலையின் பெயரில். யார் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று உங்கள் ஆட்களுக்குப் பட்டியல் அனுப்புவது யார்? நான்தான். முத்திரை குத்தி, மேலாளர் கையெழுத்தோடு அனுப்புகிறேன். அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்போதே, நீ அங்கேதான் வேலை செய்கிறாயா என்று அந்தப் பெரியவரிடம் போய்க் கேட்கிறீர்கள், அவர் உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு உங்கள் லிங்க்கில் இடமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன்தான் ஊழியன் என்று யாரோ நகரத்தில் இருந்துகொண்டு முடிவு செய்திருக்கிறார்கள். டிரையர் முன்னால் நிற்கிறவரும் ஊழியர்தான் சார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் படித்துப் பார்த்தோம். ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. நாங்கள் அந்த ஆறு மாதத்தை எப்போதோ தாண்டிவிட்டோம், ஆகவே நீங்கள் செய்தது விதிப்படி சரியாக இருக்கலாம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றியபோதும் விதிப்படிதான் ஏற்றினீர்கள். விதிக்குள் இருக்கிறோம் என்பதை நீங்கள் சொல்லாமலே நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். குடை போட்டு உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி.

பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்று சொல்வீர்கள். அந்தத் தம்பியும் அதைத்தான் மரியாதையாகச் சொன்னார். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்தது, 1900-க்கு ஒரு மெசேஜ் போட்டு அதைத் தொடங்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் எண்கள் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் மெசேஜ் மட்டும் போதாது, தொழிற்சாலையின் அங்கீகாரக் கடிதமும் வேண்டும். அதைக்கூட முதலாளி கொடுத்துவிடுவார். போய் எங்கே நிற்பது? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் மற்ற நிறுவனங்களின் சிக்னல் வருவதில்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு வரும், பஸ் ஸ்டாப்பில் ரெண்டு கோடு. விடியற்காலையில் ரோட்டில் காட்டெருமை நிற்கிறதா, கரடி இறங்கியிருக்கிறதா என்று ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிற ஊர் இது. அந்த போனைப் பேசுவதற்கு இருட்டில் கோயில் மேட்டுக்கு ஏறச் சொல்கிறீர்களா? பி.எஃப்., கேஸ் சிலிண்டர், பேங்க் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எங்களுக்குப் போக இடம் கிடையாது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், டவர் எங்கே எங்கே இருக்கிறது என்கிற வரைபடம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது.

டவர் என்றதும் இன்னொன்றும் வாயில் வருகிறது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடுகிறது. எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை கொட்டும். 2009 நவம்பரில் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், பலத்த மழை என்றால் யாருக்கும் தூக்கம் வராது, அந்த ராத்திரிகளில்தான் உங்கள் சிக்னல் முதலில் படுத்துக்கொள்கிறது. டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறையில், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் இல்லாமல் போனால் போஸ்ட்பெய்டு வாடகையில் கழித்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதிதான். எங்கள் மேடு மட்டும் இருட்டில் கிடந்தால் அதை மாவட்டம் என்று யார் சொல்வார்கள்? ஊட்டியில் ஒழுங்காக வேலை செய்கிறது என்பீர்கள். பில்லில் ஒரு ரூபாய் குறையாது. மே மாதம் சீசனில் இன்னொரு கூத்து. இ-பாஸ் எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள், கோடநாடு காட்சி முனையில் நின்று ரீல்ஸ் ஏற்றுகிறார்கள், அந்த நேரத்தில் எங்கள் இலை ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் இருக்கிற ஊர் என்பதால் டேட்டாவை மேகத்திலிருந்தே நேராக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. இப்படிப்பட்ட சேவைக்குத்தான் முழு விலை கேட்கிறீர்கள், பெங்களூரில் இருப்பவருக்கும் எங்களுக்கும் ஒரே 470 ரூபாய் 82 காசு!

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். டவர் புகாரைத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் கேட்பது பழைய கட்டணத்தை மட்டும்தான்.

எங்கள் புகார் உங்கள் சேவை மையத்தில் பதிவாகி, எண் கொடுக்கப்பட்டு, “தீர்க்கப்பட்டது” என்ற செய்தியோடு முடிந்திருக்கிறது. என்ன தீர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த படி உங்கள் நிறுவனத்திலேயே இருக்கிற மேல்முறையீட்டு அதிகாரி, அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கும் மேலே ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, தொலைத்தொடர்புப் புகார்களையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு தூரம் போக எங்களுக்கும் ஆசை இல்லை, லீவு போட்டால் கூலி போகும். ஆனால் குடை போட்டுப் பேசிய பேச்சுக்கு என்ன மதிப்பு என்று ஆபீஸ் ஜன்னலில் நின்றவர்கள் அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். பழைய திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு 30 சதவீத சலுகையைத் தொடருங்கள். ஊழியரா என்று சரிபார்ப்பதுதான் உங்கள் கவலை என்றால், முத்திரையோடு நான் அனுப்பும் பட்டியலை ஏற்றுக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் கேட்காதீர்கள். போன மாதம் கூடுதலாக வாங்கிய 141 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துவிடுங்கள். இதில் எதுவுமே முடியாது என்றால் அதையாவது தெளிவாக, தமிழில், காரணத்தோடு எழுதி அனுப்புங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன். எங்களுக்கு அடுத்த பில் போடுவது 18-ஆம் தேதி. அதற்கு முன்னால் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தொழிற்சாலை ஊழியர்கள் சார்பாக,
கணக்குப் பிரிவிலிருந்து
கோத்தகிரி வட்டம், நீலகிரி